ஃப்ரீலான்ஸ் தொழிலோடு வெளிநாடு: எந்த நாட்டில் கடை போடலாம்?

டோல்கேட் டெவலப்பர், வியாழன் இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து வெப் டெவலப்மெண்ட் செய்கிறேன். தனி ஆள். அமெரிக்காவில் இரண்டு கிளையண்ட், மெல்பர்னில் ஒன்று. வருடத்துக்கு 28 லட்சம் அளவில் பில் போடுகிறேன். வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டும் 44ஏடிஏ பிரிவில் வரி கட்டுகிறேன், ஜிஎஸ்டி பதிவும் இருக்கிறது.

குடும்பத்தோடு வெளிநாடு போய்விடலாம் என்று பேச்சு ஓடுகிறது. மகள் அடுத்த வருடம் எல்கேஜி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குக் கரண்டும் நெட்டும் சேர்ந்து போனபோது ஆரம்பித்த பேச்சு, இன்னும் அடங்கவில்லை.

தொழில் லேப்டாப்பில்தான் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். துபாய், போர்ச்சுகல், எஸ்தோனியா கம்பெனி, மலேசியா, இந்த நாலும் என் பட்டியலில் இருக்கின்றன. எங்கே வரி கம்மி? எங்கே பேப்பர் வேலை கம்மி? போனவர்கள், விசாரித்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ், வெள்ளி காலை 7:10

யோசிக்கவே வேண்டாம் ப்ரோ, எஸ்தோனியா. இ-ரெசிடென்சி கார்டு வாங்கினால் ஆன்லைனிலேயே கம்பெனி திறந்துவிடலாம். லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருந்தால் வரி பூஜ்யம். ஐரோப்பியக் கம்பெனி என்று கிளையண்டிடம் ஒரு கெத்து வேறு. கம்பெனி அங்கே, நீ எங்கே வேண்டுமானாலும் இரு.

பெரம்பூர் கணக்கர், வெள்ளி காலை 9:35

எக்ஸ்பிரஸ் தம்பி, அந்தக் கடைசி வரியில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன். இ-ரெசிடென்சி 2014 டிசம்பரில் வந்த திட்டம். அது ஒரு டிஜிட்டல் அடையாள அட்டை. அதை வைத்து எஸ்தோனியாவில் குடியிருக்க முடியாது, ஐரோப்பாவுக்குள் நுழைய விசாவும் ஆகாது, நீ அந்த நாட்டு வரிக்குடியாகவும், அதாவது வரிக்கணக்கில் அங்கே குடியிருப்பவனாகவும், ஆக மாட்டாய். கம்பெனி லாபத்தை வெளியே எடுக்காதவரை வரி இல்லை என்பது சரி. ஆனால் சாப்பிட, வாடகை கட்டப் பணத்தை எடுத்துத்தானே ஆக வேண்டும்? டிவிடெண்டாக எடுத்தால் 2025 முதல் 22 சதவீதம். சம்பளமாக எடுத்தால், நீ உட்கார்ந்திருக்கும் நாடு உன்னிடம் வரி கேட்கும். ஒரே ஒரு ஆள், அவன் தண்டையார்பேட்டை மாடியிலிருந்தே முழு வேலையும் செய்கிறான் என்றால், கம்பெனியின் தொழில் இங்கேதான் நடக்கிறது என்று நம்ம வருமான வரித் துறையும் கேள்வி கேட்கலாம்.

டோல்கேட், நீ மூன்று கேள்வியை ஒன்றாகக் கலந்துவிட்டாய். உடம்பு எங்கே இருக்கப் போகிறது, அங்கே சொந்தமாகத் தொழில் செய்ய விசா அனுமதிக்கிறதா, பில் எந்தப் பெயரில் போகிறது. மூன்றாவதில் ஆரம்பித்து முதலாவதுக்குப் போகிறாய். வரிக்காரன் முதலாவதில்தான் ஆரம்பிப்பான்.

வரி கம்மியான நாடு தேடுகிறாய் அல்லவா, இதைப் பார். உன் 28 லட்சத்தில் 44ஏடிஏ-படி பாதி, அதாவது 14 லட்சம்தான் வருமானம். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 4 லட்சம் வரை இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, மிச்ச 2 லட்சத்துக்கு 15. கூட்டினால் 90,000. செஸ் சேர்த்து 93,600 ரூபாய். மொத்த வரவில் மூன்றரை சதவீதம்கூட இல்லை. 24 லட்சத்துக்குள் பில் போட்டிருந்தால் 12 லட்ச வருமானம் வரை கிடைக்கும் ரிபேட்டில், அதாவது வரித் தள்ளுபடியில், வரியே வராது. உன் நிலைமையில் இருப்பவனுக்கு வரி கம்மியான நாடு இதுதான், தம்பி. கிளம்ப வேறு காரணம் இருந்தால் கிளம்பு. வரிக்காகக் கிளம்பாதே.

டோல்கேட் டெவலப்பர், வெள்ளி காலை 10:20

ஐயா, இப்படிக் கூட்டிப் பார்த்ததே இல்லை. வருடா வருடம் கட்டும்போது மட்டும் வலிக்கும். வேறு நாட்டுக்குப் போனபிறகும் இந்த 44ஏடிஏ கிடைக்குமா?

பெரம்பூர் கணக்கர், வெள்ளி காலை 10:41

கிடைக்காது. இந்தியாவில் வரிக்குடியாக இருப்பவருக்கு மட்டும்தான் அந்தப் பிரிவு.

லிங்கிச்செட்டித் தெரு, வெள்ளி மதியம் 2:15

ஜும்ஆ முடித்து இப்போதுதான் பார்க்கிறேன். துபாய் பற்றி நான் சொல்கிறேன், ஃப்ரீலான்ஸ் பெர்மிட்டில் அங்கே இருந்தவன்.

வரி விஷயத்தில் துபாய்க்கு வந்த பெயர் சும்மா வந்ததில்லை. தனிநபர் வருமான வரி கிடையாது. 2023 ஜூனிலிருந்து 9 சதவீத கார்ப்பரேட் வரி வந்தது உண்மைதான், ஆனால் தனி ஆளாகத் தொழில் செய்பவரின் வரவு வருடத்துக்கு 10 லட்சம் திர்ஹம் தாண்டினால்தான் அது தொடும். உனக்கு அந்தக் கவலை இல்லை. இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், நாலு மணி நேர விமானம், அம்மாவுக்கு ஒன்று என்றால் அடுத்த நாள் மண்ணடியில் நிற்கலாம்.

செலவு தனி. இணைய வேலைக்காரர்கள் எடுக்கும் கோ ஃப்ரீலான்ஸ் பெர்மிட் மட்டும் வருடத்துக்கு 7,500 திர்ஹம். அதற்கு மேல் எஸ்டாப்ளிஷ்மெண்ட் கார்டு, விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, குடும்பத்துக்கு விசா, ஆளுக்கொரு இன்சூரன்ஸ். வீட்டு வாடகையை ஒன்றோ நான்கோ காசோலையாக முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். இங்கே மாதம் பிறந்தால் வாடகை கொடுத்துப் பழகியவனுக்கு அந்த முதல் காசோலை எழுதும்போது கை நடுங்கும். ஒரு வங்கி எனக்குக் கணக்கு திறக்கவே இழுத்தடித்தது. சம்பளச் சான்று கொடு என்றது. ஃப்ரீலான்சருக்கு யார் சம்பளச் சான்று கொடுப்பார்?

எல்லாவற்றையும்விடப் பெரியது பள்ளிக் கட்டணம். எல்கேஜிக்கே நீ மலைத்துப் போவாய். கணக்கர் சொன்ன 93,600-ஐ மிச்சம் பிடிக்க அங்கே போனால் அதைவிடப் பெரிய தொகையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வருவாய். தனி ஆளாக, பெரிய பில் போடுகிறவனுக்கு அது நல்ல ஊர். உனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

வியாசர்பாடி விசிறி, வெள்ளி மாலை 6:30

அப்படியானால் மலேசியாதான். அங்கே போய் பாஷைக்குத் திண்டாட வேண்டாம். கோலாலம்பூரில் ஆட்டோ, சாரி, டாக்சிக்காரரிடமே தமிழில் பேசலாம். எங்கள் ஏரியாவில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களைக் கேளுங்கள், கிழக்கே போன தமிழன் எப்படியாவது கடை போட்டுவிடுவான். லேப்டாப்பில் எங்கிருந்தும் வேலை செய்பவர்கள் வந்து தங்க டிஇ ரான்தாவ் நோமாட் பாஸ் என்று 2022-இல் கொண்டுவந்தார்கள். டெக் வேலைக்கு வருடம் 24,000 டாலர் வருமானம் காட்டினால் போதும். டோல்கேட்டுக்கு அது இருக்கிறதே.

காசிமேடு டு ஜெர்மனி, வெள்ளி இரவு 9:05

விசிறி அண்ணே, அந்த பாஸ் அதிகபட்சம் ஒரு வருடம், புதுப்பித்தால் இன்னொரு வருடம். அதற்கப்புறம்? பிள்ளையை எல்கேஜியில் சேர்த்துவிட்டு யூகேஜி முடிந்ததும் பெட்டி கட்டுவதா? நோமாட் விசா என்று வருவதில் பாதி இப்படித்தான். ஒண்டிக்கட்டைகளுக்கு நன்றாக இருக்கும்.

போர்ச்சுகலின் டி8 என்ற நோமாட் விசா அந்த விதத்தில் தேவலாம், அது குடியிருப்பு அனுமதியில் கொண்டுபோய் விடும். ஆனால் அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நாலு மடங்கு மாத வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்குக்கு 3,480 யூரோ. டோல்கேட்டின் 28 லட்சம் அதைத் தொடாது. யூட்யூபில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய வரிச்சலுகையைப் புதிதாக வருபவர்களுக்கு 2024-இல் மூடிவிட்டார்கள். முதல் 12 மாதம் கழிந்ததும் வரவில் 70 சதவீதத்தின் மீது 21.4 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்குக் கட்ட வேண்டும். வீடியோவில் கடற்கரையைக் காட்டுவார்கள், இதைக் காட்ட மாட்டார்கள். கடற்கரை நமக்குக் காசிமேட்டிலேயே இருக்கிறது.

நெதர்லாந்தில் 4,500 யூரோ போட்டால் தொழில் விசா என்று இன்னொரு வீடியோ சுற்றுகிறது. அது அமெரிக்கக் குடிமக்களுக்கான ஒப்பந்தம், நம்ம பாஸ்போர்ட்டுக்கு இல்லை. இந்த மாதிரி வீடியோ பார்க்கும்போது பேசுகிறவர் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று முதலில் பாருங்கள்.

ஜெர்மனியில் சொந்தத் தொழிலுக்கென்றே குடியிருப்பு அனுமதி இருக்கிறது, நான் வந்தது அதில்தான். எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், பொறியாளர் மாதிரியானவர்கள் ஃப்ரைபெரூஃப்ளர் என்ற வகையில் வருவார்கள், அவர்களுக்குத் தொழில் வரி கிடையாது. டெவலப்பர் அதில் வருவாரா, சாதாரண வியாபாரக் கணக்கில் வருவாரா என்பதை வரி அலுவலகம்தான் முடிவு செய்யும். கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி இருந்தால் வாதாடலாம். மருத்துவக் காப்பீடு கட்டாயம், அந்த மாதத் தொகையைப் பார்த்தால் வருமான வரியே தேவலை என்று தோன்றும். 45 வயது தாண்டியவர் ஓய்வூதிய ஏற்பாட்டையும் காட்ட வேண்டும். விசா கேட்கும்போது ஜெர்மன் கிளையண்ட் ஒருவரின் கடிதமாவது கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும். உங்களிடம் அமெரிக்காவும் மெல்பர்னும்தான் இருக்கின்றன.

டோல்கேட் டெவலப்பர், சனி காலை 8:15

நாலும் போச்சு! பட்டியலையே காலி செய்துவிட்டீர்கள். அப்போது என் மனைவியின் ஆஃபரையே யோசிக்க வேண்டியதுதானா? அவர் நர்ஸ். ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு பாஸ், சிபிடி என்ற நர்சிங் கம்ப்யூட்டர் தேர்வும் முடித்துவிட்டார். இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்து கிடக்கிறது. நான்தான் அங்கே போனால் என் தொழிலை மூட வேண்டியிருக்குமோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

லிங்கிச்செட்டித் தெரு, சனி காலை 8:22

யோவ்! இதை முதல் பதிவிலேயே சொல்ல வேண்டாமா?

மூலக்கடை மருமகள், சனி மதியம் 1:40

இத்தனை நாள் படித்துவிட்டுப் போகிறவள், இன்றைக்கு எழுத வைத்துவிட்டீர்கள். நான் இங்கிலாந்தில் டிபெண்டண்ட் விசாவில், அதாவது துணைவர் விசாவில் வந்து சொந்தமாகக் கணக்கு எழுதித் தரும் வேலை செய்கிறேன்.

தம்பி, உங்கள் மனைவிக்கு வருவது ஹெல்த் அண்ட் கேர் விசா. 2024 மார்ச் முதல் கேர் ஒர்க்கர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று தடை போட்டார்கள், அந்தச் செய்தியைப் பார்த்து நர்ஸ்களும் பயப்படுகிறார்கள். நர்ஸுக்கு அந்தத் தடை இல்லை. டிபெண்டண்டாக வருபவர் வேலைக்கும் போகலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ மட்டும் தொழில் செய்யக்கூடாது. நீங்கள் கிரிக்கெட் கோச் இல்லையே? இன்னொன்று, இந்த விசாவில் வருகிற குடும்பத்துக்கு மருத்துவ சர்சார்ஜ் கட்ட வேண்டியதில்லை. வேறு விசாவில் வருபவர் பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்ட் கட்டுகிறார்.

வேடிக்கை என்னவென்றால் உங்கள் மனைவி நினைத்தாலும் முழுநேரச் சொந்தத் தொழில் செய்ய முடியாது, அவருடைய விசா வேலைக்குக் கட்டுப்பட்டது. உங்களுக்குத்தான் சுதந்திரம். தொழிலோடு வெளிநாடு போக நினைப்பவர்கள் தனக்கொரு விசா, தனக்கொரு விசா என்றே தேடுகிறார்கள். பல நாட்டில் துணைவர் விசாதான் நல்ல விசா.

வந்ததும் சோல் டிரேடர், அதாவது தனி ஆளாகத் தொழில் செய்பவர் என்று வரித் துறையில் பதிந்துகொள்ள வேண்டும், ஆன்லைனிலேயே ஆகிறது. இங்கே வரி வருடம் ஏப்ரல் 6-இல் தொடங்கும். அது முடிந்து வரும் அக்டோபர் 5-க்குள் பதிந்தால் போதும். நம்ம ஜிஎஸ்டி மாதிரியான வாட் பதிவு 90,000 பவுண்ட் தாண்டினால்தான்.

நல்லதையே சொல்லிக்கொண்டு போனால் ஏஜெண்ட் மாதிரி ஆகிவிடுவேன். மனைவியின் வேலை போனால் உங்கள் விசாவும் ஆட்டம் காணும், புது ஸ்பான்சர் தேட 60 நாள்தான் தருவார்கள். வந்த கொஞ்ச நாளில் அவருக்கு ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு இருக்கும், அந்த வாரங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது நீங்கள்தான். நர்சரிச் செலவு கொடுமை. ஷிஃப்ட் வேலை என்பதால் அவர் நைட் டியூட்டி என்றால் நீங்கள் பகலில் கால் எடுக்க முடியாது, சத்தம் போட்டால் தூங்க முடியாதே. இரண்டு அறை வீடு இல்லாமல் வராதீர்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ், சனி மதியம் 3:00

யூகேயில் புதிதாக வருபவர்களுக்கு நாலு வருடம் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி இல்லை என்று 2025 ஏப்ரலில் சட்டம் வந்திருக்கிறதே அக்கா! கிளையண்ட் எல்லாம் அமெரிக்கா என்றால் டோல்கேட்டுக்கு நாலு வருடம் ஜாலிதானே?

மூலக்கடை மருமகள், சனி மதியம் 3:48

அந்தச் சட்டம் இருக்கிறது, உங்கள் கணக்குத்தான் தப்பு. வேலையை இங்கே உட்கார்ந்து செய்தால் அது இங்கிலாந்து வருமானம். பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை வைத்து அது வெளிநாட்டு வருமானம் ஆகிவிடாது. ஊரில் வைத்திருக்கும் டெபாசிட் வட்டி, தண்டையார்பேட்டை வீட்டு வாடகை, அந்த மாதிரி வரவுகளுக்குத்தான் அது உதவும். அதையும் ரிட்டர்னில் கேட்டு வாங்க வேண்டும்.

பெரம்பூர் கணக்கர், சனி இரவு 7:55

மருமகள் சொல்வது சரி. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பவுண்ட் 115 ரூபாய் என்று வைத்தால் 28 லட்சம் சுமார் 24,000 பவுண்ட். முதல் 12,570-க்கு வரி இல்லை. மிச்சம் 11,430-க்கு 20 சதவீத வருமான வரி, 6 சதவீத நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுக் கட்டணம். ஆக ஏறக்குறைய 2,970 பவுண்ட், நம்ம பணத்தில் 3 லட்சத்து 40 ஆயிரம். செலவுகளைக் கழித்தால் கொஞ்சம் குறையும். இங்கே கட்டுவதைவிட மூன்றரை மடங்கு.

ஆனால் குடும்ப வரவில் மனைவியின் சம்பளம் சேர்கிறது, பிள்ளைக்கு அரசுப் பள்ளி இலவசம், மருத்துவம் இருக்கிறது. துபாயில் வரி பூஜ்யம், பள்ளிக்கூடம் மலை. எந்த நாடும் இலவசமாக விடாது, ஏதோ ஒரு ஜன்னலில் வாங்கிக்கொள்ளும்.

வியாசர்பாடி விசிறி, சனி இரவு 8:30

கிளையண்ட் நேரத்தையும் பாருங்களேன். டோல்கேட் ராத்திரி கண் விழித்துக் கண் விழித்துத்தான் அமெரிக்கக் கால் எடுக்கிறார். ராத்திரி 12-க்கு இந்த இழையை ஆரம்பித்த ஆள்.

காசிமேடு டு ஜெர்மனி, சனி இரவு 9:10

அது நல்ல பாயிண்ட். லண்டனில் பகல் 2 மணி என்றால் நியூயார்க்கில் காலை 9. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அமெரிக்காவோடு பேசிவிட்டு, ராத்திரி மனுஷனாகத் தூங்கலாம். இடிப்பது மெல்பர்ன்தான். லண்டனில் காலை 8 ஆகும்போது அங்கே மாலை, சில மாதங்களில் 5 மணி, சில மாதங்களில் 7. தினசரி கால் கேட்கிற கிளையண்ட் என்றால் விட்டுவிட வேண்டியிருக்கும். மெயிலில் ஓடும் வேலை என்றால் பிரச்சினை இல்லை.

பேமெண்ட் விஷயத்திலும் இங்கிலாந்து சுகம். இந்தியாவில், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் 2024 முதல் அழைத்தவர்களுக்கு மட்டும்தான் கணக்கு தருகிறது. அங்கே நேராகவே திறக்கலாம்.

டோல்கேட் டெவலப்பர், ஞாயிறு காலை 10:05

மெல்பர்ன் கிளையண்ட் வாரம் ஒரு கால்தான், சமாளித்துக்கொள்வேன். ராத்திரியே மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன். "உங்கள் ஃபோரம் ஆட்கள் சொன்னால்தான் உங்களுக்கு ஏறுமா? நான் ஆறு மாதமாக இதைத்தானே சொல்கிறேன்" என்றார். சரி, இங்கிலாந்து என்றே முடிவு செய்திருக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் கிளம்பலாமா, அக்டோபரிலா என்பது மட்டும் பாக்கி. கணக்கர் ஐயா, இதில் வரிக்கு ஏதாவது வித்தியாசம் வருமா? கிளம்பும் முன் இங்கே என்னென்ன மூட வேண்டும்?

பெரம்பூர் கணக்கர், ஞாயிறு மாலை 5:20

வரும், நிறையவே வரும்.

நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் நீ இங்கே வரிக்குடி. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-இல் கிளம்புபவருக்கு 181 நாள். ஆகஸ்டில் கிளம்பினால் அந்த வருடம் நீ வெளிநாட்டுவாழ் கணக்கில் வரலாம், இங்கிலாந்தில் சம்பாதிப்பதை இங்கே காட்ட வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டில் வேலைக்காகப் போகிறவருக்குத்தான் அந்த 182. மற்றவர்களுக்கு 60 நாளும், முந்தைய நாலு வருடத்தில் 365 நாளும் இருந்தாலே போதும், வரிக்குடி ஆகிவிடுவார்கள். சொந்தத் தொழிலுக்காகப் போவதும் வேலைக்காகப் போவதில் சேரும் என்று தீர்ப்பு இருக்கிறது. நீயோ டிபெண்டண்ட் விசாவில் போகிறாய். அதனால் தொழில் செய்யத்தான் போனேன் என்பதற்கு அங்கே பதிந்த காகிதம், பில் எல்லாம் பத்திரமாக வை.

இதில் ஒரு திருப்பம். வெளிநாட்டுவாழ் என்று ஆகிவிட்டால் அந்த வருடம் முழுக்க 44ஏடிஏ கிடையாது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை இங்கே செய்த வேலைக்கு நிஜமான செலவுகளைக் கழித்து, நிஜமான லாபத்துக்கு வரி. உனக்கு லேப்டாப், நெட், கரண்ட் தவிரச் செலவில்லை, பாதி கழிவு போய்விடும். அக்டோபரில் கிளம்பினால் 44ஏடிஏ இருக்கும், ஆனால் மார்ச் வரை இங்கிலாந்தில் வருவதையும் இங்கே காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டையும் எண்ணிப் பார்க்காமல் டிக்கெட் போடாதே. ஆபீசுக்கு வந்தால் பில் எல்லாவற்றையும் கொண்டு வா, உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.

மூட வேண்டியது முதலில் ஜிஎஸ்டி. சும்மா விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், மாதா மாதம் லேட் ஃபீ ஏறிக்கொண்டே இருக்கும். ரத்துக்கு விண்ணப்பித்து, உத்தரவு வந்த மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட வேண்டும். ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுத்த எல்யூடி என்ற உறுதிமொழியும் அதோடு முடிந்துவிடும். பாக்கி பில்லுக்கெல்லாம் பணம் வந்தபிறகு ரத்து செய்.

அப்புறம் வங்கி. சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும், அது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி கட்டாயம். அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு தனியாகத் திற, அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. பிபிஎஃப் இருந்தால் முதிர்வு வரை அப்படியே ஓடலாம், நீட்டிக்க முடியாது.

மூலக்கடை மருமகள், ஞாயிறு இரவு 7:15

ஒன்று விட்டுப்போனது. அமெரிக்கக் கிளையண்டுகளுக்கு, நீங்கள் எந்த நாட்டு வரிக்குடி என்று சொல்லும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருப்பீர்களே, அதில் இந்தியா என்று இருக்கும். முகவரி மாறிய 30 நாளுக்குள் புதுப் படிவம் தர வேண்டும். பில்லிலும் இங்கே வந்தபிறகு இந்த முகவரி, இந்த வங்கிக் கணக்கு. பழைய தண்டையார்பேட்டை முகவரியிலேயே பில் ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நாட்டிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், ஒரு பிரஷர் குக்கர் கொண்டு வாருங்கள். காஸ்கெட் நாலு சேர்த்து.

எண்ணூர் எக்ஸ்பிரஸ், ஞாயிறு இரவு 11:30

எல்லாம் சரி. எனக்கு நர்ஸ் மனைவி இல்லை, பில்லும் 9 லட்சம்தான். நான் எங்கே போவது?

பெரம்பூர் கணக்கர், திங்கள் காலை 9:02

எண்ணூரிலேயே இரு தம்பி. உனக்கு வரியே இல்லை.